ஆட்சேபனை இல்லாத மதில்

மார்ச் 3, செவ்வாய்

வவுனியாவில் தம்பி மகளின் கலியாணத்தை முடித்துக்கொண்டு மத்தியானம் வந்து சேர்ந்தேன். நான் இல்லாத நேரம் பார்த்து வேலி அடைத்து முடித்திருக்கிறார்கள். குறை சொல்ல முடியாது. புதுத் தென்னோலைக் கிடுகு, இறுக்கமான கட்டு, நட்ட கதியால் தடி ஒன்றுகூடச் சாயவில்லை. வேலி அடைக்கிற சின்னராசாவைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை புகழவேண்டும் என்று நினைத்தபடி குடத்தை எடுத்தேன். என் கிணறு உவர். குடிக்கவும் சமைக்கவும் பக்கத்து வீட்டுத் தவமலரின் கிணறுதான்.

கிணற்றடிக்குப் போனால் பொட்டைக் காணவில்லை.

கனடாவில் இருக்கும் என் பேரப்பிள்ளைகள் ஒரு காலத்தில் இதை வாசித்தால் விளங்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பொட்டு என்பது வேலியில் ஓர் ஆள் குனிந்து புகுந்து போவதற்கு விடுகிற இடைவெளி. அதால் குடம் போகும், கறிக்கிண்ணம் போகும், ஊர்ப் புதினம் போகும். எங்கள் ஒழுங்கையில், அதாவது இந்தச் சின்னத் தெருவில், இரண்டு வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டால் ஏசமாட்டார்கள், பொலிசுக்குப் போகமாட்டார்கள். பொட்டை அடைப்பார்கள். அடைத்த பிறகு ஏன் அடைத்தாய் என்று போய்க் கேட்கிற வழக்கம் இல்லை. கேட்டவருக்கு மானம் போய்விடும்.

வேலி எங்கள் இருவருக்கும் பொது. ரோட்டுப் பக்கப் பாதி என்னுடையது, கிணற்றடிப் பாதி அவளுடையது. பொட்டு இருந்தது அவளுடைய பாதியில். நான் வவுனியாவில். அவள் வீட்டில். அடைப்பித்தது யார் என்று சாட்சி வைத்து விசாரிக்கத் தேவையில்லை.

மார்ச் 4, புதன்

உவர்த்தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டேன். இரண்டாவது வாய் குடிக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

நான் அவளுக்கு என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். போன மாதம் அவளுடைய புட்டு கல்லுப்போல இருக்கிறது என்று சொன்னேன். அது உண்மை. அதற்கு முன்பு அவளுடைய லண்டன் மகள் அனுப்பிய சேலை அவளுக்கு வயதுக்கு மீறினது என்றேன். அதுவும் உண்மை. உண்மை சொன்னதற்குப் பொட்டை அடைப்பதென்றால் எங்கள் பொட்டு இத்தனை வருடம் எப்படித் திறந்து கிடந்தது?

அவளுக்குப் போன மாதம்தான் கண்ணில் ஒப்பரேஷன் செய்தார்கள். நாளுக்கு நாலு தரம் சொட்டு மருந்து. அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, இமையை இழுத்துப் பிடித்து, நான்தான் விட்டுக்கொண்டிருந்தேன். இன்று கிணற்றுக்கட்டோடு சாய்ந்துகொண்டு தானே விடப் பார்த்தாள். ஒரு துளி மூக்கில், ஒரு துளி காதடியில். நான் ஒளித்திருந்து பார்க்கவில்லை. வேலியோரம் முருங்கை இலை ஆயும்போது கிடுகு இடுக்கால் கண்ணில் பட்டது. எனக்கென்ன.

பின்னேரம் நாயைக் கூப்பிட்டு, கொஞ்சம் உரத்துத்தான், சொன்னேன்:

"பிரவுணி, சில பேருக்குக் கண் ஒப்பரேஷன் செய்தாலும் கண் தெரியாதடா. படுத்துக்கொண்டு விடவேண்டிய மருந்தை நிண்டுகொண்டு விடுகினம்."

வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து உடனே பதில் வந்தது, ஆட்டுக்கு.

"லட்சுமி, நீ குழையைத் தின்னடி. ஊர்க்கதை எங்களுக்கு ஏன்? கைவிட்டுப் போனவை கண்ணைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை."

கைவிட்டது நானாம்! அடைப்பதையும் அடைத்துவிட்டுப் பழியை என் தலையில் கட்டுகிறாள்.

மார்ச் 9, திங்கள்

மகன் துவாரகன் ரொறன்ரோவில் இருந்து ஃபோன் எடுத்தான். குரலைக் கேட்டே அம்மாவுக்கு என்ன என்று கேட்டுவிட்டான். வேலி, கிடுகு, கறையான் என்று எதையோ சொல்லத் தொடங்கி, "இந்த வேலியே வேண்டாம். மதில் கட்டப்போறன்" என்று முடித்தேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். தனியாக இருக்கிற அம்மாவுக்கு மதில்தான் பாதுகாப்பாம், மூன்று வருடமாக அதைத்தானே சொல்கிறானாம், நாளைக்கே கல்லுக்குச் சொல்லிவிடுகிறானாம். சொல்லிவிட்டேனே.

சொன்னதைத் தவமலரும் கேட்டிருப்பாள். கேட்கவேண்டும் என்றுதான் முற்றத்தில் நின்று கதைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் விளக்குமாற்றுச் சத்தம் ஒரு நிமிடம் நின்றது. பிறகு பழையபடி கூட்டத் தொடங்கிவிட்டாள்.

மார்ச் 12, வியாழன்

பிரதேச சபைக்குப் போனேன். தபாற்கந்தோரில் முழு வயதையும் கழித்தவளுக்கு விண்ணப்பப் படிவம் என்றால் கலியாண வீட்டுச் சாப்பாடு மாதிரி. ஆனால் மதிலுக்கு இத்தனை விதி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆறடிக்கு மேல் உயரக்கூடாது. ரோட்டு முனையில் வாகனம் திரும்புவது தெரியும்படி பதிந்திருக்கவேண்டும். மழைத்தண்ணீர் போக அடியில் துவாரம் விடவேண்டும். காணி உறுதியின் பிரதி, காணி வரைபடத்தின் பிரதி. பொது எல்லை என்றபடியால் பக்கத்து வீட்டுக்காரர் கிராம அலுவலரான விதானையாருக்கு முன்னால் சம்மதக் கையெழுத்து வைக்கவேண்டும். அதன் பிறகு ஆட்சேபனை கேட்டு பத்து நாள் அறிவித்தல். கடைசியில் சபையின் தொழில்நுட்ப அலுவலர், ரீ.ஓ., வந்து, இரு பகுதியாரும் நிற்க, இடத்தைப் பார்ப்பார். ஒரு மருமகளை வீட்டுக்குள் எடுக்கக்கூட இவ்வளவு விசாரணை இல்லை.

"வேலிக்கும் இப்பிடியோ தம்பி?" என்று கேட்டேன்.

"வேலிக்கு ஒண்டும் தேவையில்லை அம்மா. வேலியை நீங்கள் விரும்பினபடி அடைக்கலாம், பிரிக்கலாம்" என்றார் அங்கிருந்த பிள்ளை.

படிவத்தை வீட்டில் வைத்து நிரப்பித் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். அங்கேயே கால் மணித்தியாலத்தில் நிரப்பியிருக்கலாம். அவசரப்பட்டு எழுதினால் பிழை வரும்.

ஒன்று எழுதிவைக்கிறேன். சம்மதக் கையெழுத்துக்குத் தவமலர் ஒருநாளும் உடன்படமாட்டாள். காச்சு மூச்சென்று கத்துவாள். அவள் கத்தட்டும், நான் கேட்கிறேன். பத்து நாளாக அவளுடைய குரலை ஆட்டின் மூலமாகத்தான் கேட்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

விதானையாரின் கந்தோரில் ஒரே ஒரு நீள வாங்கு. அதன் இந்த நுனியில் நான், அந்த நுனியில் அவள். நடுவில் இன்னும் நாலு பேர் இருக்கலாம். விதானையார் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நீங்கள் ரெண்டு பேருமோ? கோயிலுக்கும் கிளினிக்குக்கும் ஒண்டாத் திரியிறனீங்கள், உங்களுக்கு நடுவிலை மதிலோ?"

"அவ கேட்டவ. கட்டட்டும்" என்றாள் தவமலர்.

அவ்வளவுதான்! கத்தவில்லை, காரணம் கேட்கவில்லை, ஒரு முறைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பேனையை வாங்கிக்கொண்டு கையெழுத்து வைக்கிற கோட்டை விரலால் தடவித் தேடினாள். கண் இன்னும் தெளியவில்லை போல. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே, மேசையில் கிடந்த அடிமட்டத்தை எடுத்து அந்தக் கோட்டுக்குக் கீழே வைத்துவிட்டேன். அவள் அதைத் தொட்டுப் பார்த்து நேராகக் கையெழுத்து வைத்தாள்.

எனக்கு எரிச்சல் தாங்க முடியவில்லை. ஒரு பேச்சுக்காவது மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என்னை மதிலுக்கு அந்தப் பக்கம் தள்ளுவதற்கு இவ்வளவு அவசரமா அவளுக்கு?

மார்ச் 20, வெள்ளி

அறிவித்தலை என் வாசல் படலையில் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று வாசிக்கிறார்கள். சங்கக்கடை மனேஜர் வாசித்துவிட்டு, "நல்ல காரியம் அக்கா" என்றார். அவரும் ஆட்சேபனை சொல்லமாட்டார். நியாயத்துக்கு நாலு பேர் இல்லாத ஒழுங்கையாய்ப் போய்விட்டது.

கடையில் வாங்குகிற போத்தல் தண்ணீர் பிளாஸ்ரிக் மணக்கிறது.

மார்ச் 23, திங்கள்

கல் வந்து இறங்கிவிட்டது. துவாரகன் சொன்னால் சொன்னதுதான். முற்றத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. பிரவுணி ஏறி நின்று குரைக்கிறது. லொறிச் சத்தம் கேட்டுத் தவமலர் வெளியே வந்தாள் என்று தெரிகிறது. வேலிக்கு மேலால் அவளுடைய தலையின் வகிடு மட்டும் கொஞ்ச நேரம் அசையாமல் தெரிந்தது. எண்ணெய் வைக்காத தலை.

மார்ச் 27, வெள்ளி

வேறு அலுவலாகச் சபைப் பக்கம் போனேன். என்ன அலுவல் என்று இப்போது ஞாபகம் வரவில்லை. போன இடத்தில் சும்மா கேட்டுப் பார்த்தேன்.

"தம்பி, என்ர மதிலுக்கு ஆரும் ஆட்சேபனை குடுத்தவையோ?"

"இல்லை அம்மா. ஒருத்தரும் இல்லை. பயப்பிடாதேங்கோ."

"வடிவாப் பாத்தனீங்களோ? தபாலிலை வந்திருக்கும். நான் தபாற்கந்தோரிலை இருந்தனான், பிந்தி வாற கடிதம் எத்தினை."

அவர் விண்ணப்பக் கோவையைத் திறந்து எனக்கே காட்டினார். என் விண்ணப்பமும் அவளுடைய சம்மதமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"சரி, ஒரு சந்தேகம். விண்ணப்பம் போட்ட ஆளே ஆட்சேபனையும் குடுக்கலாமோ?"

பிள்ளை பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்பிடி விதியிலை இல்லை அம்மா. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்கவும் இல்லை."

சும்மா அறிவுக்குத்தான் கேட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

நாளைக்கு ரீ.ஓ. வருகிறார். மறுநாளே அத்திவாரம் வெட்டலாம் என்று மேசன் சொல்கிறார். துவாரகன் வீடியோவில் காட்டு, வீடியோவில் காட்டு என்கிறான்.

இதில் பொய் எழுதி என்ன? எனக்கு மதில் வேண்டாம். ஆனால் இனி வேண்டாம் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அவள் சிரித்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்காமல் "சரி" என்று சொன்னால் என்ன செய்வேன்?

ஏப்ரல் 1, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

ரீ.ஓ. என்றால் மீசை வைத்த ஆளொருவர் வருவார் என்று பார்த்தேன். வந்தது யதுர்ஷா என்று ஒரு பிள்ளை. என் மகள் வயதுகூட இராது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கல் அடுக்கின்மேல் வைத்துவிட்டு அளவுநாடாவை எடுத்தாள். தவமலரையும் கூப்பிடச் சொன்னாள். தவமலர் ரோட்டால் சுற்றி, என் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் படலையால் என் வளவுக்குள் வந்தது இதுதான் முதல் தரம். பக்கத்து வீட்டுக்காரி விருந்தாளி மாதிரிச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அளந்து முடிந்தது. எல்லை வரைபடத்தோடு ஒத்துப்போகிறதாம். யதுர்ஷா கோவையைத் திறந்தாள்.

"ரெண்டு பேரும் நிக்கேக்கை ஒரு கேள்வி கேக்கவேணும், அது விதி. மதில் வாற இடத்தாலை ஆரும் போய்வாற வழி, தண்ணி அள்ளுற உரிமை, அப்பிடி ஏதும் இருக்கோ? இருந்தால் அதை மறிச்சுக் கட்டேலாது."

இருக்கிறது என்றால் தண்ணீருக்குக் கெஞ்சுகிறேன் என்று ஆகும். இல்லை என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"இருக்குப் பிள்ளை" என்றாள் தவமலர்.

யதுர்ஷா நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ என்ர கிணத்திலைதான் தண்ணி அள்ளுறவ. இவவின்ர கிணறு உவர். இப்ப ஒரு மாசமா அந்த உப்புத் தண்ணியையும் கடைப் போத்திலையும் குடிச்சுக்கொண்டு நிக்கிறா. ஏற்கெனவே பிறஷர்க்காரி. என்னோடை கதைக்காட்டில் காரியமில்லை. மதிலிலை ஒரு கேற் வைச்சுக் கட்டச் சொல்லுங்கோ. பூட்டுத் திறப்பை அவவே வைச்சிருக்கட்டும். நான் தொடமாட்டன்."

எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று தெரியவில்லை. வாயால் வந்தது கோபம்தான்.

"இவ்வளவு கரிசனை உள்ளவள் ஏனடி பொட்டை அடைச்சனி?"

"நானோ? நானோ அடைச்சனான்?" தவமலரின் குரல் ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். "நீங்களல்லோ சின்னராசாவோடை பேசினது! அடைக்கச் சொல்லிப்போட்டு, என்ர முகத்தைப் பாக்கேலாமல் வவுனியாவுக்குப் போயிட்டியள். தூசி படக்கூடாது எண்டு டொக்டர் சொல்லி, வேலி அடைச்ச ரெண்டு நாளும் நான் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தனான். வெளியிலை வந்து பாத்தால் பொட்டைக் காணேல்லை!"

"நான் சொல்லேல்லை."

"நானும் சொல்லேல்லை."

நாங்கள் இருவரும் யதுர்ஷாவைப் பார்த்தோம். அவளிடம் அதற்கு விதி ஏதும் இருக்கவில்லை. சின்னராசாவுக்கு ஃபோன் எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"அக்கா, அண்டைக்கு எனக்குக் காய்ச்சல், நான் வரேல்லை" என்றான் சின்னராசா. "மருமோன்தான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்தவன். அவன் கொழும்பிலை பிறந்து வளந்தவன். வேலியிலை பெரிய ஓட்டை ஒண்டு கிடந்தது மாமா, சொல்லாமலே நல்லா அடைச்சுவிட்டனான் எண்டு பெருமையாச் சொன்னவன். நான் நாய் பூருற ஓட்டையாக்கும் எண்டு விட்டிட்டன். ஐயோ, பொட்டையோ அடைச்சவன்?"

யதுர்ஷா கோவையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அப்ப அம்மா, விண்ணப்பம்?"

"திருப்பி எடுக்கிறன்" என்றேன்.

"காரணம் எழுதவேணுமே."

"விண்ணப்பகாரிக்கு விசர் எண்டு எழுதுங்கோ."

"பக்கத்து வீட்டுக்காரிக்கும் எண்டு சேத்து எழுதுங்கோ" என்றாள் தவமலர்.

கத்தி எடுத்து வந்தேன். கொழும்பு மருமகன் எங்கே கற்றானோ, கட்டு அப்படி ஓர் இறுக்கம். கிடுகை நான் அறுக்க, தவமலர் இழுக்க, இருவருக்கும் மூச்சு வாங்கியது. இதற்கும் சபையில் அனுமதி எடுக்கவேண்டுமா என்று கேட்டேன். "மதிலுக்குத்தான் அம்மா சட்டம். பொட்டுக்கு ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு யதுர்ஷா ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். தவமலர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பொட்டால் குனிந்து வீட்டுக்குப் போனாள். பின்னால் குடத்தோடு நான் போனேன்.

ஏப்ரல் 2, வியாழன்

காலையில் இருந்து சண்டை. நேருக்கு நேர், ஆடும் நாயும் நடுவில் இல்லாமல். யார் முதலில் வந்து கேட்டிருக்கவேண்டும் என்பதுதான் விஷயம். வயதுக்கு மூத்த நான்தானாம். வீட்டில் நின்ற அவள்தான் என்றேன். முடிவு வரவில்லை. நடுவில் துவாரகன் எடுத்து மதில் என்னாச்சு என்று கேட்டான். இல்லை என்றேன். கல்லை என்ன செய்வது என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவன் இனி ஒரு கிழமைக்கு முகத்தைத் தூக்கிவைத்திருப்பான்.

எனக்கு இப்போதுதான் பயம் பிடிக்கிறது. அந்தப் பிள்ளை விதிப்படி அந்தக் கேள்வியைக் கேட்காமல் போயிருந்தால் இன்று அத்திவாரம் வெட்டியிருப்பார்கள். ஒருவருக்கும் வேண்டாத மதில் ஒன்று, இரண்டு பேரின் சம்மதத்தோடு, ஓர் ஆட்சேபனையும் இல்லாமல் எழும்பியிருக்கும். பிறகு செத்தாலும் அவள் கேட்டிருக்கமாட்டாள். நானும் கேட்டிருக்கமாட்டேன்.

பின்னேரம் தவமலர் வந்து நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு என்ன கொப்பி என்று கேட்டாள். மறைக்கத் தோன்றவில்லை. அவளுக்கு இன்னும் சின்ன எழுத்து வாசிக்க முடியாது என்பதால் மூன்றாம் திகதியில் இருந்து நானே வாசித்துக் காட்டினேன். புட்டு வந்த இடத்தில் முறைத்தாள். விதானையாரின் வாங்கு வந்த இடத்தில் சிரித்தாள். எனக்கு மதில் வேண்டாம் என்று முந்தநாள் எழுதிய இடத்துக்கு வந்தபோது வாசித்தது போதும் என்று என் கையைப் பிடித்துவிட்டாள். கொஞ்ச நேரம் விடவில்லை.

"இவ்வளவையும் கொப்பிக்குச் சொல்லியிருக்கிறியள்" என்றாள். "எனக்குச் சொல்ல வாய் வரேல்லையோ ராணியக்கா?"

வரவில்லை என்று சொன்னேன்.